சுகர் ஃப்ரீ சாமானுக்கு ஏன் இத்தனை விலை? மும்பை நண்பர்கள் சொல்லுங்கள்

முலுண்ட்_மீரா:
அம்மாவுக்கு 68 வயது, ரொம்ப நாளாகச் சர்க்கரை நோய். "இனிப்பைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னதற்கு நாங்கள் செய்தது என்னவென்றால், வீட்டில் சர்க்கரை இருந்த இடத்தில் எல்லாம் சுகர் ஃப்ரீ என்று அச்சடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததுதான். காபிக்கு மாத்திரை, நாலு மணிக்கு சுகர் ஃப்ரீ பிஸ்கட், தீபாவளிக்கு சுகர் ஃப்ரீ காஜு கத்லி. அதே சாக்கில் பையன் ஜீரோ கோலா கேட்கிறான். சாதா பிஸ்கட்டைவிட இந்தப் பிஸ்கட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. மாத மளிகைச் சீட்டில் இதுவே ஒரு தனிப் பகுதியாகிவிட்டது.

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி துளி போட்டாலே போதும், மலிவான பொருள் என்று படிக்கிறேன். அப்படியானால் விலை இறங்கத்தானே வேண்டும்? அம்மாவுக்கு இதனால் பலன் ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வெந்தயம், நாவல் கொட்டை வைத்தியம் வேண்டாம், குடும்ப வாட்ஸப்பில் தினமும் வருகிறது.

அந்தேரி_பேச்சிலர்:
சர்க்கரை இல்லாத கறுப்பு காபிக்கு மாறச் சொல்லுங்கள். இரண்டு செலவும் மிச்சம்.

முலுண்ட்_மீரா:
கும்பகோணத்துக்காரியிடம் அதைச் சொல்லும் தைரியம் உங்களுக்கு இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

டயட்_வாணி:
சயானில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். முதலில் அம்மா விஷயம். டீ, காபியில் சர்க்கரையை எடுத்துவிட்டு சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைப் போட்டால் என்ன ஆகும் என்று சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் குழு நம் ஊர் நோயாளிகளிடமே 12 வாரம் சோதித்து 2024இல் வெளியிட்டது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எடை மட்டும் லேசாகக் குறைந்தது. ஆக, பயப்படவும் வேண்டாம், அதிசயம் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், உடம்பு இளைக்க இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்றது. அது ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வாட்ஸப்பில் சுற்றும்போது அந்த வரி மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது. அதே வருடம் ஜூலையில் டயட் சோடாவில் போடும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைப் புற்றுநோய் 'வரக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேன் டயட் சோடாவுக்கு மேல் குடிக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் என்று இருக்கிறது. மூன்று வேளை காபி, வேளைக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் அங்கேயே 30 கிராம் போய்விடும். அதனால் காபிக்கு மாத்திரை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீண் செலவு என்றால் அந்தப் பிஸ்கட்தான். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகாவிட்டால் சுகர் ஃப்ரீ என்று எழுதிக்கொள்ளலாம். மைதா எவ்வளவு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி எவ்வளவு என்று அந்தப் பெயர் கேட்காது. அம்மாவின் ரத்தம் கேட்கும். பாக்கெட்டின் பின்பக்கம் கார்போஹைட்ரேட் என்று போட்ட வரியைப் பாருங்கள். பக்கத்தில் சாதா மேரி பிஸ்கட்டையும் வைத்துப் பாருங்கள்.

முலுண்ட்_மீரா:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை! இதற்கா இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தோம்?

செம்பூர்_ரகு:
விலைக் கணக்கு நான் சொல்கிறேன். உணவுக்கு மணமும் சுவையும் தரும் சரக்கு தயாரிக்கிற கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல 600 மடங்கு இனிப்பு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஐந்து கிராம் என்றால் அதற்கு ஈடு எட்டு மில்லிகிராம் சொச்சம். 300 மாத்திரை உள்ள டப்பாவில் இனிப்பூட்டி எல்லாம் சேர்த்து இரண்டரை கிராம்தான் வரும். மீதி, மாத்திரைக்கு உருவம் கொடுக்கப் போடும் லாக்டோஸ் மாதிரி நிரப்பிகள். நீங்கள் கொடுக்கும் காசு டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

பிஸ்கட், பர்பி சமாச்சாரம் வேறு. சர்க்கரை அங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. எடை கொடுக்கிறது, ஈரத்தைப் பிடிக்கிறது, வேகும்போது சிவக்க வைக்கிறது, கெடாமல் காக்கிறது. நூறு கிராம் பர்பியில் நாற்பது கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டுக் கடுகளவு சுக்ரலோஸ் போட்டால் இனிப்பு வந்துவிடும், பர்பி வராது. அந்த நாற்பது கிராமுக்கு எரித்ரிடாலோ மால்டிடாலோ பாலிடெக்ஸ்ட்ரோஸோ, இப்படி எடை கொடுக்கும் மாற்றுப் பொருள் ஒன்றைப் போட வேண்டும். இவை எல்லாமே சர்க்கரையைவிடப் பல மடங்கு விலை. இனிப்பூட்டி மலிவுதான், அது விட்டுப்போன இடத்தை நிரப்புவதுதான் செலவு. மால்டிடால் கூடினால் வயிறு இளகும், அது தனிச் செலவு.

இன்னொன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2015இல் ஸ்டீவியா என்ற செடியின் இனிப்பை அனுமதித்ததிலிருந்து பச்சை இலை படம் போட்ட பொட்டலங்கள் நிறைய வருகின்றன. பலவற்றில் எடையில் பெரும்பங்கு எரித்ரிடால். ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆட்கள் எழுதினார்கள். தொடர்பு தெரிகிறது, காரணம் அதுதான் என்று முடிவாகவில்லை. 'இயற்கை' என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் பொருள்பட்டியலில் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

வாஷி_கணக்கர்:
வாஷி ஏபிஎம்சி மொத்தச் சந்தையில் சர்க்கரை மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். கம்பெனிக்காரன் பையில் போடுகிற பொருள்களில் மைதாவுக்கு அடுத்து மலிவு இதுதான். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஆலைகளுக்கு 2019 பிப்ரவரியில் அரசு வைத்த விலை கிலோ 31 ரூபாய். கரும்புக்கு 2025-26 பருவத்துக்கு அறிவித்தது குவிண்டால் 355 ரூபாய். கடையில் நாம் வாங்குவது 45 ரூபாய்க்கு அக்கம்பக்கம். முந்திரியோ கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. காஜு கத்லியில் காஜு எங்கே போயிற்று என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

வரியிலும் ஒரு வேடிக்கை. கோலா வகையறாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பும் 28 வரி, 12 செஸ் என்று அதே 40தான். சர்க்கரை போட்டதற்கும் 40, ஜீரோ என்று எழுதியதற்கும் 40. இங்கிலாந்தில் 2018இலிருந்து சர்க்கரைப் பானங்களுக்கு ஒரு தனி வரி உண்டு. 100 மில்லியில் ஐந்து கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் அந்த வரியே கிடையாது, எட்டைத் தொட்டால் அதிகம். அதனால் கம்பெனிகள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்தன. இங்கே அவர்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி கிடையாது.

டயட்_வாணி:
அங்கே குறைத்ததில் ஒரு பங்கு இனிப்பூட்டி போட்டுக் குறைத்ததுதான், கணக்கர் சார். பிள்ளைகள் நாக்கு அதே இனிப்புக்குத்தான் பழகுகிறது.

தாராவி_நெல்லையான்:
மீரா அக்கா, நீங்கள் கூடக் காசு கொடுத்து வாங்கும் சரக்கின் அண்ணன் தம்பியைத்தான் எங்கள் பக்கம் காசை மிச்சம் பிடிக்கப் போடுகிறார்கள்.

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் சர்பத்துக்கும் பர்ஃப் கோலா என்ற சீவிய குச்சி ஐஸுக்கும் ஊற்றும் சிரப் போடுகிற தொழில் எனக்கு. அப்பா காலத்தில் சீனிப்பாகு மட்டும்தான். இப்போது சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் சீனியைக் குறைத்துச் சாக்ரீன் என்ற இனிப்பூட்டியைக் கலக்கிறார்கள். கணக்கு நீங்களே போடுங்கள். சாக்ரீன் 300 மடங்கு இனிப்பு. கிலோ இரண்டாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் அது 300 கிலோ சீனிக்குச் சமம். 300 கிலோ சீனி 45 வீதம் 13,500 ரூபாய். எவன் சும்மா இருப்பான்? ஒரு பர்ஃப் கோலா பத்து ரூபாய்க்கு மேல் விற்காது. ஐஸ் கட்டி, குச்சி, பிளாஸ்டிக் கப், மாமூல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எசன்ஸ் அதைவிட மலிவு. கிராஃபோர்ட் மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கும் கடைகளில் காலா கட்டா, ரோஸ், மாம்பழம், ஏலக்காய் எது வேண்டுமானாலும் பாட்டிலில் கிடைக்கும். ஒரு பாட்டில் வாங்கினால் பல வாளி சிரப் போடலாம். நாவல் பழத்தைப் பிழிந்து காலா கட்டா போட்டால் பத்து ரூபாய்க்கு நான் யாருக்கு விற்பது? நான் சாக்ரீன் போடுவதில்லை. போடுகிறவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

டயட்_வாணி:
அண்ணாச்சி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் குடிப்பது யார்? ஐந்து வயதுப் பிள்ளை. பாட்டிலும் இல்லை, லேபிளும் இல்லை, எவ்வளவு போட்டார்கள் என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது. கடை அலமாரியில் இருக்கிற பாட்டிலிலாவது 'செயற்கை இனிப்பூட்டி உள்ளது, குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை' என்று பொடி எழுத்தில் இருக்கும்.

செம்பூர்_ரகு:
அளவைப் போட்டுப் பார்க்கலாம். சாக்ரீனுக்குப் பழைய சர்வதேச வரம்பு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2024 கடைசியில் அதை 9 ஆக உயர்த்தினார்கள். பழைய கணக்கில் 15 கிலோ பிள்ளைக்கு 75 மில்லிகிராம். ஒரு பர்ஃப் கோலாவில் 20 கிராம் சீனிக்கு ஈடான இனிப்பு முழுக்கச் சாக்ரீனிலிருந்தே வந்தால் 67 மில்லிகிராம். ஒன்று தின்றால் வரம்புக்கு உள்ளே, இரண்டு தின்றால் வெளியே. வரம்பைத் தாண்டிய அன்றே ஒன்றும் ஆகிவிடாது, அது ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிடுவதற்கு வைத்த அளவு. ஆனால் கோடை விடுமுறையில் தாராவிப் பிள்ளைகள் ஒன்றோடு நிற்குமா?

சாக்ரீன் கூடினால் அடிநாக்கில் கசக்கும், அதனால் ஒரு அளவுக்கு மேல் யாராலும் போட முடியாது. இது ஒரு இயற்கைத் தடை. 1879இல் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் கை கழுவாமல் ரொட்டி தின்றபோது இனித்ததால் கண்டுபிடித்த பொருள் இது. உலகப் போர்களில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆரம்பத்திலிருந்தே இது ஏழைகள் வீட்டு இனிப்புதான். பணக்காரர்கள் உடம்பு இளைக்க வாங்கியது பின்னால் வந்த கதை.

நம் விதிகளில் இதை எந்தப் பொருளில், எவ்வளவு போடலாம் என்று பட்டியல் உண்டு. 2011 விதியில் சோடாவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம், பான் மசாலாவுக்கு 8,000. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மாட்டுங்கா_கமலா:
ஆர்டருக்குப் பட்சணம் பண்ணுகிறேன். சுகர் ஃப்ரீ மைசூர்பாகு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பாகு பதம் இல்லாமல் மைசூர்பாகு ஏது? பாயசத்தில் அடுப்பை அணைத்த பிறகு சுக்ரலோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், குறை ஒன்றும் வரவில்லை. அஸ்பார்டேம் மாத்திரையைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்பு குறைந்துவிடும்.

இப்போது எல்லோரும் வெல்லம், கருப்பட்டி என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், எனக்கும் அதில் நாலு காசு கூட வருகிறது. ஆனால் சர்க்கரை நோய்க்கு வெல்லம் நல்லது என்று என்னிடமே வந்து பாடம் எடுத்தால் கோபம் வருகிறது. கருப்பட்டி என்று விற்பதில் பாதி, சர்க்கரைப் பாகைக் கலந்து ஊற்றிய அச்சு. உடைத்தால் உள்ளே பளபளவென்று படிகம் தெரியும்.

ஏலக்காய் கிலோ இரண்டாயிரத்துக்கு மேலே போனதிலிருந்து பெரிய கடைகள் எல்லாம் எசன்ஸ்தான். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் குப்பென்று அடித்தால் அது எசன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் அப்படி அடிக்காது, மெல்லும்போதுதான் வரும்.

டயட்_வாணி:
கமலா மாமி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சளைத்ததில்லை. ஒரு சேர்க்கை: சுக்ரலோஸை அல்வா, கேக் போல அதிகச் சூட்டில் போடாதீர்கள். 120 டிகிரிக்கு மேல் போனால் குளோரின் கலந்த வேண்டாத சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. பாயசம் அவ்வளவு சூடு ஏறாது.

அந்தேரி_பேச்சிலர்:
என் பிரச்சினை உப்புப் பக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சைனீஸ் வண்டியில் ஒரு ஷெஜ்வான் ரைஸ், இல்லாவிட்டால் ரூமில் நூடுல்ஸ். அஜினோமோட்டோ பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் சாகப்போகிறேனா?

செம்பூர்_ரகு:
அதனால் சாக மாட்டீர்கள் தம்பி. 1908இல் இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது, எம்எஸ்ஜி என்பதும் அதுதான். பொட்டலத்தில் ஐஎன்எஸ் 621 என்று இருக்கும். தக்காளியிலும் பழைய சீஸிலும் இருக்கும் அதே குளூட்டமேட். எடைக்கு எடை பார்த்தால் சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இதில். 1987இல் சர்வதேச நிபுணர் குழு வரம்பே தேவையில்லை என்றது. ஐரோப்பியர்கள் 2017இல் கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். நம் விதிப்படி ஒரு வயதுக்குக் கீழான குழந்தை உணவில் கூடாது.

2015 மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் ஈயம் ஒரு புகார், 'எம்எஸ்ஜி சேர்க்கவில்லை' என்று லேபிளில் எழுதியது இன்னொன்று. ஜூனில் வந்த தடையை ஆகஸ்டில் நம் பம்பாய் உயர் நீதிமன்றம்தான் நீக்கியது. சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்பதும், கம்பெனியின் பக்கத்தைக் கேட்கவில்லை என்பதும் அங்கே பெரிதாகப் பேசப்பட்டன.

என் கவலை வேறு. 621உடன் 627, 631 என்ற எண்ணுள்ள சுவையூட்டிகளும் சேர்ந்தால் சுவை பல மடங்கு கூடும். அப்போது எலும்பு சூப் காய்ச்ச வேண்டியதில்லை, காய்கறி குறைவாகப் போடலாம், கோழியே இல்லாமல் கோழி ருசி வரும். வண்டிக்காரருக்குச் செலவு மிச்சம். உங்களுக்கு அதே எண்பது ரூபாய்க்குச் சோறும் எண்ணெயும் உப்பும் கூடுதலாக வருகிறது, புரதம் குறைகிறது. விஷம் தேடுவதை விட்டுவிட்டுத் தட்டில் எது குறைந்தது என்று பாருங்கள்.

மாம்பழ பானமும் அதே கதைதான். பழ பானம் என்று பெயர் வைக்கப் பொதுவாக 10 சதவீதம் பழம் போதும். மற்றது தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், பிறகு எங்களைப் போன்றவர்கள் தரும் வாசனை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மடகாஸ்கரில் புயல் அடித்து வெனிலா விலை எகிறியபோது கர்நாடகாவிலும் கேரளாவிலும் தோட்டம் தோட்டமாகக் கொடி ஏற்றினார்கள். விலை விழுந்ததும் அவர்கள் நஷ்டப்பட்டார்கள். ஐஸ்கிரீம் கம்பெனிக்கு எந்தச் சேதமும் இல்லை, அது எப்போதும் குவாயகால் என்ற ரசாயனத்திலிருந்து செய்யும் செயற்கை வெனிலினைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலுக்குச் சோறு போடுவதே இந்த வித்தியாசம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

வாஷி_கணக்கர்:
ரகு சார், அப்போது விலை குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? பழம் 90 சதவீதம் இல்லாத பானத்துக்குப் பழ விலை கேட்கிறார்களே.

செம்பூர்_ரகு:
அதை விற்பனைப் பிரிவிடம் கேளுங்கள். நான் ஆய்வகம்.

முலுண்ட்_மீரா:
இதுவரை வந்ததை வைத்து வீட்டில் பேசினோம். காபி மாத்திரை தொடரும். பிஸ்கட் நிறுத்தம், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலை. இதிலேயே மாதம் கணிசமாக மிச்சமாகிறது. பையனின் ஜீரோ கோலாவும் நிறுத்தம், அதற்கு மட்டும் வீட்டில் போர். அவன் படிக்கும் சிபிஎஸ்இ பள்ளியில் சுகர் போர்டு என்று ஒன்றை மாட்டியிருக்கிறார்கள், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று. ஜீரோவில் பூஜ்யம் என்று அதே பலகையைக் காட்டி வாதாடுகிறான்!

டயட்_வாணி:
பலகை சரியாகத்தான் சொல்கிறது, பாதி விஷயத்தைச் சொல்கிறது. 2022இல் இஸ்ரேலில் 120 பேரிடம் செய்த ஆய்வில் சாக்ரீனும் சுக்ரலோஸும் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களை மாற்றின, சிலருக்குச் சர்க்கரை ஏறும் விதமும் மாறியது. இரண்டு வாரச் சோதனைதான், தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் கொடுக்க ஒரு அவசியமும் இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை பாதி கிளாஸ் சர்க்கரை கோலாவே கொடுத்துவிடுங்கள், போர் அடங்கும்.

தாராவி_நெல்லையான்:
ரகு அண்ணாச்சி, தொழில் சந்தேகம் ஒன்று. ஏப்ரல் வருகிறது. சீனியைப் பாதியாகக் குறைத்து, சாக்ரீனும் சேர்க்காமல், இனிப்பு கம்மியான சிரப் போடலாமா என்று யோசிக்கிறேன். வாணி அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு தோன்றியது. கெட்டுப்போகுமா?

செம்பூர்_ரகு:
கெடும். சிரப்பில் சீனி 65 சதவீதம் இருக்கும்வரை பூஞ்சை எளிதில் அண்டாது. பாதியாக்கினால் மும்பை மே மாதத்தில் இரண்டு மூன்று நாளில் நுரைத்துவிடும். எலுமிச்சைப் புளிப்பைக் கூட்டி, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டை அளவோடு போட்டு, குளிரில் வைத்து, அன்றாடம் தேவையானதை மட்டும் போடுங்கள். இன்னொன்று, சீனி குறைந்த சிரப் ஐஸில் பட்டதும் சீக்கிரம் உறைந்து கல் மாதிரி ஆகும். ஐஸைக் கொஞ்சம் பொடியாகச் சீவுங்கள்.

தாராவி_நெல்லையான்:
குளிர்பெட்டிக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? அதை விடுங்கள். பழைய பாகையே வைத்துக்கொண்டு கரண்டியைச் சின்னதாக்கினால்?

வாஷி_கணக்கர்:
அதுதான் சரி. ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பெரிய கம்பெனிகள் விலை ஏற்றாமல் எடையைக் குறைத்தே ஓட்டுகின்றன. உங்கள் கரண்டி குறைந்தால் பிள்ளைக்கும் சீனி குறையும், உங்களுக்கும் செலவு குறையும், விலை பத்தே இருக்கும்.

தாராவி_நெல்லையான்:
பிள்ளைகள் விடாது கணக்கரே. "சாச்சா, இன்னும் கொஞ்சம் ஊற்று" என்று கையை நீட்டிக்கொண்டே நிற்கும். சரி, கப்பையும் சின்னதாக்கிப் பார்க்கிறேன். மே மாதம் முடிந்ததும் எழுதுகிறேன்.